வெண்கொக்குகளும் பருவக் கோலங்களும்

கொக்கு என்னும் சொல்லை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அரிச்சுவடியிலேயே அதன் படத்தைக் கண்டுவிடுகின்றோம். ஆயினும் அச்சொல் ஒரு பறவையின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். மாத்தளை மாவட்டத்து வயல்களிலும் குளக்கரைகளிலும் வெள்ளையாய் நிற்கும் கொக்குகள் மட்டுமே நான்கு வகையின. நிற்கும்போது சேற்று நிறமாயும், எழுந்து பறக்கும்போது வெள்ளையாயும் தோன்றும் குளக்கொக்கையும் கூட்டினால் ஐந்தாகும். இவ்வைந்தும் ஆண்டு முழுதும் ஒரே கோலத்தில் இருப்பனவாயின் இக்கட்டுரைக்கு இடமே இல்லை. கூடுகட்டும் காலம் நெருங்க, மஞ்சள் அலகு கறுக்கின்றது. வெள்ளைக் கழுத்துப் பொன்னிறம் கொள்கின்றது. முதுகில் நூலிழை போன்ற தூவிகள் தோன்றுகின்றன. சென்ற மாதம் இன்ன கொக்கு எனத் தெளிந்து பெயர் கூறியவரும், அதே வயலில் அதே பறவையைக் கண்டு, இது வேறொன்று எனக் கூற நேரிடுகின்றது. ஒத்த தோற்றமுடைய பறவைகளை எவ்வாறு பிரித்தறிவது, அவற்றின் கோலம் ஏன் மாறுகின்றது, மாறும் கோலத்தினுள் மாறாதிருப்பது யாது என்பனவற்றை எம் மாவட்டத்துப் பறவைகளைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு மாத்தளையினும் வாய்ப்பான இடம் இலங்கையில் அரிது என்பது எமது கருத்து. ஊர்ப்பற்றினால் மட்டும் இதனைக் கூறவில்லை. ஒருபுறம் 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் ஈரமும் குளிரும் உடையது. வடக்கே கலேவெல, தம்புள்ளை, சீகிரியா ஆகிய பகுதிகள் உலர்வலயத்தைச் சேர்ந்தவை. கண்டலம முதலிய குளங்கள் அங்கே பரந்து கிடக்கின்றன. இடையே சுதுகங்கைப் பள்ளத்தாக்கின் வயல்களும், மிளகு, கொக்கோ, இறப்பர், தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் பஸ் வண்டியிற் செல்பவர் சன்னலோரம் அமர்ந்தால் போதும். மலைச்சாரலும் தோட்டமும் வயலும் குளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும்.

இலங்கைப் பறவைகளைப் பற்றி நல்ல நூல்கள் நெடுங்காலமாகவே உண்டு. லெக் என்பார் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலும், வெயிற் என்பார் 1925இல் வெளியிட்ட கைநூலும், தேயிலைத் தோட்டத்திற் பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் இன்றும் எடுத்துப் பார்க்கத்தக்கன. ஆனால் ஐரோப்பாவை நோக்கி எழுதப்பட்ட நூல்களைப் புரட்டும் மாணவன் ஓரிடத்தில் இடர்ப்படுகின்றான். அவை பறவையின் கோலங்களைக் கோடைக் கோலம் என்றும் குளிர்காலக் கோலம் என்றும் இரண்டாக வகுக்கின்றன. அந்நாடுகளுக்கு அது பொருந்தும். இலண்டன் நகரில் ஆண்டின் மிக நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். மிகக் குறுகிய பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. பகல் நீள்வதைக் கண்டே அங்குள்ள பறவையின் உடல் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகின்றது. ஓரினப் பறவைகள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்திற் கோலம் மாறுகின்றன. மாத்தளையோ பூமத்திய கோட்டிற்கு வடக்கே ஏழரைப் பாகையளவில் உள்ளது. இங்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. எனவே எம் கொக்குகளுக்கு ஞாயிற்றினும் மழையே பெரிய நாள்காட்டி. வடகீழ்ப் பருவமழை பெய்து, குளங்கள் நிறைந்து, மீனும் தவளையும் பெருகியபின்னரே உலர்வலயத்துக் கொக்குகள் பெரும்பாலும் கூடு கட்டுகின்றன. மழையோ எல்லா ஆண்டிலும் ஒரே நாளிற் பெய்வதில்லை; எல்லாக் குளமும் ஒரே நாளில் நிறைவதுமில்லை. ஆதலின் ஒரே வயலில், ஒரே காலையில், முழுக்கோலம் பூண்ட கொக்கும், பாதி மாறியதும், மாறாததும் அருகருகே நிற்கக் காணலாம். கோடை, குளிர்காலம் என்னும் சொற்களை விடுத்து, கூடுகட்டும் கோலம், ஏனைக்காலக் கோலம் என வழங்குவதே எமக்குப் பொருத்தமாகும்.

கோலம் மாறுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். இறகு என்பது நகமும் மயிரும் போன்றது. வளர்ந்து முடிந்தபின் அதனுள் குருதி ஓடுவதில்லை. வெயிலில் வெளிறலாம், நுனி தேயலாம், சேறு படிந்து கறை பிடிக்கலாம், அதற்குமேல் தானாக நிறம் மாற அதனால் இயலாது. புது நிறம் வேண்டுமாயின் பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு முளைத்தல் வேண்டும். கொக்குகள் குஞ்சுகளை வளர்த்து முடித்தபின் உடல் முழுவதும் படிப்படியாக இறகுதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. கூடுகட்டுமுன் சில பகுதிகளில் மட்டும் மீண்டும் இறகு முளைக்கின்றது. அழகிய தூவிகள் அப்போது தோன்றுபவை. இதற்கு வாரக்கணக்கிற் காலம் செல்லும். அலகின் மேற்றோலும், கண்ணுக்கும் அலகிற்கும் இடையே இறகின்றிக் கிடக்கும் தோலும், காலும் அவ்வாறல்ல. அவை குருதியோட்டம் உடையன; உடற்சுரப்புகளுக்கு உடனே வசப்படுவன. சில நாள்களிலேயே அவற்றின் நிறம் மாறிவிடும். சோடி சேரும் நாள்களின் உச்சத்தில் சிவந்த தோல், முட்டையிட்டுச் சில நாள் செல்லுமுன்னரே வெளிறிப் போவதுமுண்டு. ஆகவே ஒரு கொக்கின் உடலில் விரைவாக ஓடும் கடிகாரம் ஒன்றும், மெதுவாக ஓடும் கடிகாரம் ஒன்றும் இருக்கின்றன எனலாம். தூவி நிறைந்திருக்க அலகு மஞ்சளாய் இருப்பதும், அலகு பாதி கறுப்பும் பாதி மஞ்சளுமாய் இருப்பதும் இதனாலேயே. அத்தகைய பறவையை நோயுற்றதென்றோ புதுவகை என்றோ எண்ணவேண்டியதில்லை.

இனி நான்கு வெண்கொக்குகளையும் எடுத்துக்கொள்வோம். மாத்தளை நகரைச் சூழ்ந்த வயல்களில் அதிகமாகக் காணப்படுவது உண்ணிக்கொக்கு. மாட்டுக்கொக்கு என்றும் கூறுவர். நால்வகையுள்ளும் இதுவே சிறியது. சுமார் 50 சென்றிமீற்றர் நீளமுடையது. கழுத்துக் குறுகியது, அலகு குட்டையானது, மஞ்சள் நிறமானது. கீழ்த்தாடையின் அடியில் இறகு முன்னோக்கி வளர்ந்திருப்பதால், மோவாய் புடைத்தாற்போன்ற தோற்றம் உண்டு. இப்புடைப்பு எப்பருவத்திலும் மாறுவதில்லை. மாட்டின் காலடியில் நடந்து, அது மிதித்துக் கிளப்பும் வெட்டுக்கிளிகளையும் பிற பூச்சிகளையும் பிடித்து உண்பதே இதன் தொழில். இப்பொழுது உழவியந்திரத்தின் பின்னாலும் அதே ஒழுங்கில் நடக்கின்றது. உண்ணி பொறுக்கும் என்னும் புகழ் இதற்குச் சற்று மிகையானது. ஆராய்ந்தவர்கள் இதன் இரைப்பையிற் கண்டவை பெரும்பாலும் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளே.

கூடுகட்டும் காலத்தில் இக்கொக்கின் தலை, முகம், கழுத்து, மார்பு ஆகியன பொன்னிறம் கொள்கின்றன. முதுகிலும் அந்நிறத் தூவிகள் படர்கின்றன. உச்ச நாள்களில் அலகும் காலும் சிவக்கின்றன. இக்கோலத்தில் ஐயம் எழ இடமில்லை. ஆனால் நிறம் ஏறத்தொடங்கும்போதும், நீங்கும்போதும், நெற்றியில் மஞ்சட் பொட்டு இட்டாற்போல ஒரு கறை மட்டும் தென்படும். இதனை அழுக்கென ஒதுக்காது உற்றுநோக்குக. இப்பறவைக்கு அறிவியலார் 1783இல் இட்ட இலத்தீன் பெயர் கோரமண்டல் கரையைக் குறிப்பது, அஃதாவது சோழமண்டலம். ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் உண்ணிக்கொக்கு முன்னர் இதனோடு ஒன்றாகவே எண்ணப்பட்டது. அண்மைக் காலத்தில் உலகப் பறவைப் பட்டியல்கள் இரண்டையும் வெவ்வேறு இனமாகப் பிரித்துள்ளன. அவற்றுள் மேலைக் கொக்கு உச்சி, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் மட்டுமே நிறமேறும். கீழைக் கொக்காகிய எமது பறவை முகமும் கழுத்தும் நிறமேறப்பெறும். மேலைக் கொக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அத்திலாந்திக் பெருங்கடலைத் தானே கடந்து தென்னமெரிக்காவை அடைந்தது. 1953இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அதன் கூடு காணப்பட்டது. காடு அழிந்து மாடு மேயும் இடமெல்லாம் இதற்கு நாடாயிற்று.

இரண்டாவது சிறு வெண்கொக்கு. சுமார் 60 சென்றிமீற்றர் நீளம், மெலிந்த உடல். அலகு எப்பருவத்திலும் கரியது, கால் கரியது, பாதம் மட்டும் மஞ்சள். கரிய காலுறை அணிந்து மஞ்சட் பாதரட்சை இட்டாற்போன்றது என்றால் மறவாது. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது பொறுமையுடைய கொக்கன்று. ஆழமற்ற நீரில் இங்குமங்கும் ஓடும்; ஒரு காலை நீட்டிச் சேற்றைக் கலக்கும்; கலங்கி வெளிப்படும் சிறுமீனைக் கொத்தும். கூடுகட்டும் காலத்தில் பிடரியினின்று இரண்டு நீண்ட தூவிகள் நாடாப்போல் தொங்குகின்றன. முதுகிலும் மார்பிலும் மெல்லிய தூவிகள் விரிகின்றன. பிடரியில் இவ்விரு நாடா உடைய வெண்கொக்கு எம் மாவட்டத்தில் இஃதொன்றே. இளம் பறவைகளின் அலகும் காலும் சிறிது வெளிறியிருத்தல் கூடும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

உண்மையான சிக்கல் அடுத்த இரண்டில் உள்ளது. அவை இடை வெண்கொக்கும் பெரு வெண்கொக்கும் ஆகும். இரண்டிற்கும் கால் கரியது, பாதமும் கரியது. இரண்டிற்கும் ஏனைக்காலத்தில் அலகு மஞ்சள். இரண்டிற்கும் கூடுகட்டும் காலத்தில் அலகு கறுக்கும். எனவே அலகின் நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முற்படுபவர் ஆண்டில் இருமுறை ஏமாறுவர். போதாக்குறைக்கு, அலகு கறுத்த இடை வெண்கொக்கைத் தொலைவிற் காண்போர் சிறு வெண்கொக்கென்று கூறிவிடுகின்றனர். பருமனைக் கொண்டு கூறலாமெனின், பெரு வெண்கொக்கு ஏறக்குறைய 90 சென்றிமீற்றரும் அதற்கு மேலும் நீளமுடையது. இடை வெண்கொக்கு 70 சென்றிமீற்றர் அளவினது. இரண்டும் அருகருகே நின்றால் எவரும் கூறிவிடுவர். தனியே ஒன்று நிற்கும்போதுதான் கண் பொய் சொல்லும். வயல்வெளியில் அளவுகோல் இல்லை; பக்கத்தில் எருமை நின்றாற் கொக்குச் சிறுக்கும், நாற்று நின்றாற் பெருக்கும்.

இவ்விடத்தில் உதவுவது வாய்க்கோடு. கொக்கின் வாய் பிளக்கும் கோடு அலகின் அடியிலிருந்து பின்னோக்கிக் கன்னத்திற் செல்கின்றது. இடை வெண்கொக்கில் அக்கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்துவிடும். பெரு வெண்கொக்கில் கண்ணையும் கடந்து அதற்கு அப்பால் கூர்மையாக நீண்டு முடியும். இக்கோடு மழையை அறியாது, மாதத்தை அறியாது, பறவையின் வயதையும் பொருட்படுத்தாது. எண்பது முழத் தொலைவில் நல்ல தொலைநோக்கியால் இதனைத் தெளிவாகக் காணலாம். அடுத்தது கழுத்து. பெரு வெண்கொக்கின் கழுத்து உடலிலும் நீண்டது. நடுவே ஒடித்து வைத்தாற்போல ஒரு முடக்கு அதில் உண்டு. இடை வெண்கொக்கின் கழுத்து வளைவு மென்மையானது, அலகும் ஒப்புநோக்கக் குட்டையானது, தலை உருண்டது. தூவி அணிந்த காலத்தில் மற்றுமொரு வேறுபாடு உண்டு. இடை வெண்கொக்குக்கு முதுகிலும் மார்பிலும் தூவி உண்டு. பெரு வெண்கொக்குக்கு முதுகில் மட்டுமே உண்டு. அவை வாலையும் கடந்து நீளும். பிடரி நாடா இரண்டிற்கும் இல்லை. கூடுகட்டும் பெரு வெண்கொக்கின் கண்முன் தோல் நீலப்பச்சையாக ஒளிரும். அவ்வொளி சில நாளே நிற்பது, கண்டவர் பேறுபெற்றவர்.

திருவள்ளுவர் காலமறிதலைக் கூறுமிடத்துக் கொக்கை உவமையாக எடுத்தாண்டமை யாவரும் அறிந்ததே. கூம்பி ஒடுங்கி நின்று, வேளை வந்தவுடன் குத்தும் இயல்பே அங்கு உவமையாகின்றது. அவர் கண்டது எக்கொக்கு என்று கேட்பது தமிழாசிரியர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் ஓடி ஓடிச் சேற்றைக் கலக்கும் சிறு வெண்கொக்கு அதுவாக இருத்தற்கில்லை. மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கும் அன்று. நீரில் அசையாது நிற்கும் பெரு வெண்கொக்காகவோ குளக்கொக்காகவோ அது இருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

அக்குளக்கொக்கே ஐந்தாவது. மடையான் என்றும் குருட்டுக்கொக்கு என்றும் இதனை அழைப்பர். சிங்களத்தில் கண கொக்கா என்னும் பெயருக்கும் குருட்டுக்கொக்கு என்பதே பொருள். அருகிற் செல்லும்வரை எழாது அமர்ந்திருப்பதால் கண் தெரியாதது என மக்கள் எண்ணினர் போலும். உண்மையில் அது தன்னை எவரும் காணார் என்னும் துணிவில் இருக்கின்றது. கழுத்தும் மார்பும் மண்ணிறக் கோடுகளும் வெளிறிய கோடுகளும் மாறி மாறி வரையப்பட்டவை. வரம்பில் நிற்கையில் காய்ந்த புல்லோடு புல்லாய் மறைந்துவிடும். எழுந்து பறந்ததும் இறக்கை இரண்டும் தூய வெள்ளையாய் விரிய, வெள்ளைக் கொக்கொன்று வெளியே பாய்ந்தாற்போல் இருக்கும். அமர்ந்ததும் அவ்வெண்மை மடிந்து மறையும். இதன் கூடுகட்டும் கோலம் இன்னும் வியப்பானது. முதுகு கருஞ்சிவப்பு நிறத் தூவிகளால் மூடப்படும். தலையும் கழுத்தும் கோடுகள் நீங்கி வைக்கோல் நிறமாகும். பிடரியில் வெண்தூவி தொங்கும். இரண்டு கோலத்தையும் படத்தில் மட்டும் பார்த்தவர் ஒரே பறவையென நம்பமாட்டார். கோடு நிறைந்த ஏனைக்காலக் கோலத்தில் இதனைச் சீனக் குளக்கொக்கினின்று பிரித்தறிய வழியில்லை என்பதே அறிஞர் முடிபு. கூடுகட்டும் கோலம் ஏறி, கழுத்துச் செங்கபில நிறமானாலன்றிச் சீனக் கொக்கென்று எவரும் துணிந்து கூறமுடியாது. இராக்கொக்கின் குஞ்சும் மண்ணிறக் கோடுகள் உடையதே. அதன் அலகு தடித்தது, இறக்கையில் வெண்புள்ளிகள் நிறைந்தவை, பறக்கும்போது வெண்மை தோன்றுவதில்லை.

கொக்கின் பருவக் கோலம் கண்ணுக்கு இன்பம் தருவதோடு நின்றிருப்பின் நன்று. அக்கோலமே அதற்குக் கூற்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் தம் தொப்பிகளிற் கொக்கின் முதுகுத் தூவிகளைச் செருகிக்கொள்ளும் வழக்கம் பரவியது. அத்தூவி கூடுகட்டும் காலத்தில் மட்டுமே முளைப்பது என முன்னர்க் கூறினோம். எனவே வேட்டைக்காரர் கொக்குகள் கூட்டமாய்க் கூடு கட்டிய மரங்களுக்கே சென்றனர். குஞ்சுகளை விட்டு நீங்கமாட்டாத பறவைகளைச் சுட்டு வீழ்த்துதல் எளிதாயிற்று. தாயும் தந்தையும் இறந்தபின் குஞ்சுகள் கூட்டிலேயே பசியால் மடிந்தன. 1902ஆம் ஆண்டில் இலண்டன் விற்பனைக் கூடங்களில் மட்டும் 1,608 பொதி கொக்குத் தூவி விற்கப்பட்டது. அதன் நிறை 48,240 அவுன்சு. ஓர் அவுன்சுக்கு நான்கு பறவைகள் தேவை என்று அக்காலத்தார் கணக்கிட்டனர். அக்கணக்கின்படி கொல்லப்பட்டவை 192,960 பறவைகள். கூட்டில் மடிந்த குஞ்சுகள் இக்கணக்கிற் சேரவில்லை.

இக்கொடுமையை எதிர்த்து 1889இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி தொடங்கிய சங்கமே பின்னர் அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாயிற்று. தொப்பி அணிந்தவரும் பெண்கள். அதனைத் தடுக்க முன்வந்தவரும் பெண்கள். இந்திய அரசாங்கம் 1902இற் பறவை இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிரித்தானியாவில் இறக்குமதித் தடைச் சட்டம் 1921இலேயே நிறைவேறியது. இதனிடையே சிந்துப் பகுதியிற் சிலர் சிறு வெண்கொக்குகளைக் கூண்டில் அடைத்து வளர்த்து, கொல்லாமலே தூவிகளை எடுத்து விற்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்று திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. சட்டங்களால் மட்டும் கொக்குகள் பிழைத்தன என்று கூறல் மிகையாகும். முதலாம் உலகப் போருக்குப்பின் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள, பெரிய தொப்பியும் வழக்கொழிந்தது.

கொக்கை விட்டு மற்றப் பறவைகளிடம் சிறிது செல்வோம். தாமரையும் அல்லியும் படர்ந்த குளங்களில், நீண்ட விரல்களை இலைமேல் ஊன்றி நடக்கும் நீளவால் இலைக்கோழி, கூடுகட்டும் காலத்தில் கருங்கபில உடலும், வெண்முகமும், பொற்பிடரியும், அரிவாள்போல் வளைந்த நெடுவாலும் உடையது. ஏனைக்காலத்தில் வால் குறுகி, அடிப்பாகம் வெளுத்து, மார்பிற் கரிய மாலையொன்று மட்டும் எஞ்சும். பெயரிலுள்ள வாலைத் தேடுபவர் அப்போது ஏமாறுவர். இப்பறவையிற் பெண்ணே பெரியது. ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுத்துச் செல்லும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் கடமை.

வலசை வரும் பறவைகளின் செய்தி வேறு. சைபீரியாவிற் கூடு கட்டும் பொன்னிற உப்புக்கொத்தி எம்மிடம் வருவது அதன் எளிய கோலத்தில். மணமேடைக் கோலத்தை வடபுலத்திற்கென வைத்திருக்கின்றது. ஆயினும் ஏப்பிரலிற் புறப்படுமுன் சிலவற்றின் மார்பும் வயிறும் கறுக்கத் தொடங்கும். குளத்து நீரின்மேற் பறந்து திரியும் மீசை ஆலாவும் அவ்வாறே. வந்த காலத்தில் வெள்ளையாயிருந்த வயிறு, போகும் காலத்திற் கரும்புகை நிறம் கொள்ளும். இவ்விரண்டிற்கும் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களே நோக்கத்தக்கவை.

நிறமாற்றம் யாவும் பருவத்தால் வருவதென்று கொள்ளுதலும் தவறு. இதற்கு அரசவால் ஈபிடிப்பான் நல்ல சான்று. சிங்கள மக்கள் வெண்ணிறமானதைத் துணிதிருடி என்றும் செந்நிறமானதைத் தீத்திருடி என்றும் பொருள்படும் பெயர்களால் அழைக்கின்றனர். இலங்கையில் நிலையாக வாழும் இனவகையின் ஆண் வாழ்நாள் முழுதும் செங்கபில நிறமே உடையது, ஒருபோதும் வெளுப்பதில்லை. இந்தியாவிலிருந்து ஒக்டோபரளவில் வரும் இனவகையின் ஆணோ, இளமையிற் செங்கபிலமாய் இருந்து, முதிர்ந்தபின் வெண்மையாகின்றது. ஆகவே மாத்தளையின் மரநிழலில் வெண்ணிற நெடுவாலுடன் ஒன்று பறக்குமாயின் அது கடல்கடந்து வந்த முதிர்ந்த ஆண் என்று துணியலாம். செந்நிறமானதை எம்மூர்ப் பறவை என உடனே கூறற்க. வந்தவற்றின் இளையவையும் அந்நிறமே. மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளையும் நாலந்தாவும் கடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி எம் முன்னோர் கால்நடையாக வந்த வடபாதையும் இத்திசையிலேயே உள்ளது. அவர்களுட் பலர் வழியில் மாண்டனர். பறவைக்குத் திரும்பிச் செல்லும் பருவமும் உண்டு.

தேன்சிட்டுகளிலும் ஒரு பாடம் உண்டு. ஊதாத் தேன்சிட்டின் ஆண் கூடுகட்டும் காலத்தில் நீலக்கருமையாய் மின்னும். அக்காலம் கழிந்தபின் பெண்ணைப்போல் மஞ்சளும் பச்சைக்கபிலமுமாகி, தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கரிய கோடு மட்டும் எஞ்சும். இதனோடு மயங்குவது லோட்டன் தேன்சிட்டு. அதன் அலகு நீண்டு நன்கு வளைந்தது. இங்கும் அலகின் வடிவே தீர்ப்புச் சொல்லும். லோட்டன் என்பார் 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர். இத்தீவிற் பிறந்த டி பெவேர் என்னும் ஓவியரைக் கொண்டு அவர் வரைவித்த பறவைப் படங்கள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. ஊரை ஆண்ட பலருடைய பெயர் மறைந்துவிட, ஒரு தேன்சிட்டின் பெயரால் அவர் நினைவு நிற்கின்றது.

இனி, பார்த்ததை எழுதிவைக்கும் முறைபற்றிச் சில சொற்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாத நடுவில் நடைபெறுகின்றது. இலங்கைக் குளங்களில் அதனை நடத்துவது 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம். ஜனவரியோ எம் கொக்குகள் பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும் மாதம். இடை வெண்கொக்கைச் சிறு வெண்கொக்கு என்றும் பெரு வெண்கொக்கு என்றும் மாற்றி எழுதிவிட்டால், ஓரினம் ஒரு குளத்தை விட்டு நீங்கியதும் எவருக்கும் தெரியாமலே போய்விடும். வெள்ளைக் கொக்கு நாற்பது என்று எழுதிய தாளால் எப்பயனும் இல்லை. கைப்பேசியிற் படம் பிடித்தவுடன் பெயர் கூறும் செயலிகள் இன்று மாணவரிடையே பரவியுள்ளன. அவை நன்கு உதவுவனவே. ஆனால் தொலைவிலிருந்து எடுத்த வெள்ளைப் புள்ளியொன்றுக்கு அவையும் ஊகமாகவே பெயர் கூறும். தலையைப் பக்கவாட்டில் வாய்க்கோடு தெரியுமாறு ஒரு படமும், பறக்கும்போது பாதம் தெரியுமாறு ஒரு படமும் எடுத்தாற் போதுமானது. அத்துடன் நாள், இடம், அலகின் நிறம், கண்முன் தோலின் நிறம், தூவி பிடரியிலா மார்பிலா முதுகிலா என்பவற்றைத் தனித்தனியே குறிக்க. பெயரை இறுதியில் எழுதுக. தெளிவில்லையேல் அவ்விடத்தை வெறுமையாக விடுக. பெரும்போக நாற்று நடும் நாளில் ஒருமுறை, கதிர் முற்றும் நாளில் ஒருமுறை, அறுவடை முடிந்து நிலம் உழும் நாளில் ஒருமுறை என ஒரே வயலுக்கு மும்முறை சென்று எழுதிய ஏடு, அவ்வயலின் கொக்குகள் எந்நாளிற் கோலம் மாறின என்பதைக் காட்டிவிடும்.